செட்டியாரின் தொப்பை

மூட்டு வலி, சர்க்கரை, மருமகள் மூன்றையும் ஒரு கால் மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்புங்கள். போன வாரம் இதே கிழவிகள் கூட்டத்தில் நம்மில் ஒருத்தி, "அந்தக் காலத்து அப்பாக்கள் எல்லாம் தங்கம்" என்றாள். எல்லோரும் தலையாட்டினீர்கள். ஊரோடு ஒத்துப்போகலாம் என்று நானும் ஆட்டிவைத்தேன். அல்வாலில் என் வீட்டுக்குப் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா தங்கமா? நல்ல கதை! இரும்பு. அதுவும் ரயில்வே இரும்பு.

அப்பா செகந்திராபாத்தில் பார்சல் கிளார்க். நாங்கள் மாரெட்பள்ளியில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். யுத்த காலம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு. எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் கண்டோன்மெண்ட், ஏரியைத் தாண்டிப் போனால் நிஜாம் சர்க்கார் என்று மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு ராஜ்யம் இருந்தது. அப்பாவுக்கு ஒரே ராஜ்யம்தான். ரயில்வே விதிப்புத்தகம். என் சிலேட்டுக் குச்சி தொலைந்தால்கூட, எப்போது தொலைந்தது, கடைசியாகப் பார்த்தது யார், எங்கெங்கே தேடினாய் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொன்னால்தான் புதுக் குச்சி கிடைக்கும். பொய் சொன்னால் தீர்ந்தது. ஒரு தடவை தம்பி வெல்லத்தைத் தின்றுவிட்டு, வாயெல்லாம் வெல்லத்தோடு, தெருவில் கற்ற தக்கனி உருதுவைக் கலந்து "நக்கோ, நான் திங்கலை" என்றதற்கு, அப்பா அரை நாள் அவனோடு பேசவில்லை. நாலு வயதுக் குழந்தையோடு! தம்பி அதைக் கவனிக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

அத்தர்க்கடை சாயபு கதையைச் சொன்னால் உங்களுக்கு அப்பா யாரென்று பிடிபட்டுவிடும். சாயபு ஸ்டேஷன் ரோட்டில் கடை வைத்திருந்தார். மாதாமாதம் அவருக்கு வடக்கேயிருந்து அத்தர்ப் பெட்டி வரும். அப்பாவுக்கு அவரைப் பத்து வருஷமாகத் தெரியும். அந்த வருஷம் கோடையில் அவர் ரயில் ரசீதைத் தொலைத்துவிட்டார். பெட்டி அப்பாவின் மேஜைக்குப் பின்னால், கண்ணெதிரே இருக்கிறது. "பாபு சாப், என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா?" என்று சாயபு கேட்டிருக்கிறார். "மூஞ்சியில் நம்பர் இல்லையே" என்று அப்பா சொல்லியிருக்கிறார். நாலு நாள்! அந்த வெயிலில் ஏதோ ஒரு குப்பி கசிந்து பார்சல் ஆபீஸ் முழுக்க ரோஜா வாசனை. அப்பா நாலு நாளும் ரோஜா மணக்க மணக்க வீட்டுக்கு வந்தார். அம்மா அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் ஓசைப்படக் கழுவினாள். கடைசியில் ரசீது சாயபுவின் பரணில் எலி தின்ற மிச்சமாகக் கிடைத்தது. அந்தத் துண்டுகளை ஒரு காகிதத்தில் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லி, நம்பர் தெரிகிறதா என்று பார்த்து, வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்ட பிறகுதான் அப்பா பெட்டியைக் கொடுத்தார். ரசீது ஆபீஸின் சொத்து. எலி தின்றாலும், மழையில் நனைந்தாலும், நம்பர் இருந்தால் அதைத்தான் ஒப்படைக்க வேண்டும். இது விதி.

சரி, இப்போது அம்மாவிடம் வருகிறேன். அம்மா கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் கொலு கிடையாது. அவளுக்குச் சேரவேண்டிய பொம்மைகள் கும்பகோணத்தில் மன்னியின் பரணில் இருந்தன. மன்னி, அதாவது மாமாவின் மனைவி, நல்லவள்தான். ஆனால் கையில் வந்த பொருள் அவளை விட்டுப் போக மனசு வராது. "ரயில்ல உடைஞ்சுடும்", "இந்த வருஷம் நாள் நன்னாயில்லை" என்று ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டாள். நவராத்திரிக்கு நவராத்திரி அம்மா செகந்திராபாத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் போய், மடியில் என்னையும் தம்பியையும் வைத்துக்கொண்டு இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, சுண்டல் பொட்டலத்தோடு வருவாள். "அடுத்த வருஷம் எங்காத்துக்கு வாங்கோ" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வருவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்காது. அம்மாவுக்கு எப்படியிருக்கும்?

அந்த வருஷம் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. பொம்மைப் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டாராம், ரசீது இதனுடன் இருக்கிறதாம், மன்னி கண் கலங்கினாளாம். அம்மா கடிதத்தை மூன்று தடவை படித்தாள். ஜன்னலோரம் தொங்கும் கம்பியில் கடிதத்தையும் ரசீதையும் சேர்த்துக் குத்தினாள். புடவை மாற்றிக்கொண்டு, குங்குமச் சிமிழோடு, அன்றைக்கே பதினாலு வீட்டுக்குப் போய் அழைத்துவிட்டு வந்தாள். நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

பெட்டி வரவில்லை. யுத்த காலத்தில் முதலில் பட்டாளத்துச் சாமான், அப்புறம்தான் மரப்பாச்சி. எந்த ஸ்டேஷனில் எந்தக் கொட்டகையில் கிடந்ததோ. அம்மா தினமும் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் "வந்துதான்னா?" என்பாள். "வந்தா சொல்ல மாட்டேனா?" என்பார் அவர்.

கொலுவில் வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதுசாக வைக்க வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை நாமே பண்ணிவிடலாம் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. பெட்டி வராமலே போனால் மானம் காப்பாற்றவும் நாலு பொம்மை ஆச்சு என்று உள்ளூர ஒரு கணக்கும் இருந்திருக்கும். காகிதக் கூழில் பொம்மை செய்வதை அவள் சின்ன வயதில் யாரோ செய்யப் பார்த்திருக்கிறாளாம். பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். செய்ததில்லை. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

காகிதத்துக்குப் பஞ்சமான நாளில் எங்கள் வீட்டில் மட்டும் காகிதம் மூட்டையாக இருந்தது. ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய ரசீதுகளை, எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொண்டு, அப்பா வெந்நீர் அடுப்பு எரிக்கக் கொண்டுவந்திருந்தார். ரோஜா நிறம், தடித்த தாள். அவற்றின் முதுகில்தான் நான் கணக்குப் போட்டேன், தம்பி யானை வரைந்தான், அம்மா தோபிக் கணக்கு எழுதினாள். அந்த மூட்டையை அண்டாவில் கொட்டி மூன்று நாள் ஊறவைத்தோம். ரசீதெல்லாம் காப்பிங் பென்சிலால் எழுதியது. நாக்கில் தொட்டால் ஊதாவாக மாறுமே, அந்தப் பென்சில். அண்டாத் தண்ணீர் முழுக்க ஊதா. எங்கள் கையெல்லாம் முழங்கை வரை ஊதா. பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா என் கையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக உட்கார வைத்தாள், ஏதோ தொத்து வியாதி என்று.

ஊறிய காகிதத்தை உரலில் போட்டு அம்மா இடிப்பாள். வெந்தயத்தை ஊறவைத்து அரைத்து அதில் சேர்ப்பாள். தம்பியின் வேலை, கூழை மிதிப்பது. அவன் சந்தோஷமாக மிதித்துக்கொண்டே அதில் ஒன்றுக்கும் போய்விட்டான். அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "குழந்தைதானே, தோஷமில்லை" என்று மேலே பிசைந்தாள். புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சிய பசையை வேறு அவன் விரலால் வழித்துத் தின்பான். "ஏண்டா, வயித்துக்குள்ள எல்லாம் ஒட்டிண்டுடும்டா" என்றால், "ஹவ், நல்லாருக்கு" என்பான். "ஹவ்" என்றால் தக்கனியில் ஆமாம். வெந்தயமும் ஊறின காகிதமும் சேர்ந்த அந்த வாசனை எப்படியிருக்கும் என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவருக்கு மேலே எட்டி, வீட்டில் எலி கிலி செத்துவிட்டதா என்று கரிசனமாக விசாரித்தாள்.

அப்பா ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும் இதையெல்லாம் பார்ப்பார். "காகிதம் எழுதறதுக்கு, பொம்மை மண்ணுல பண்றதுக்கு. எதுக்கு எதுவோ அதுக்கு அது" என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூழைத் தாண்டிப் போவார். ஒரு நாள்கூட உட்கார்ந்து ஓர் உருண்டை பிடித்துத் தந்ததில்லை.

பொம்மை செய்தோம் பாருங்கள், அடேயப்பா! முதலில் ராமர். நிற்க வைத்தால் மெதுவாக முன்னால் சாய்ந்து, நமஸ்காரம் செய்கிற மாதிரி படுத்துக்கொண்டார். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ரங்கநாதரா இருக்கட்டும். பெருமாள் படுத்துண்டுதானே இருக்கார்" என்று கீழே ஒரு பாம்பைச் சுற்றிவிட்டாள். அடுத்தது லட்சுமணன். அவனும் ரங்கநாதர். சரஸ்வதி வீணையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். வீணையைப் பிய்த்துவிட்டு அவளையும் ரங்கநாதர் ஆக்கினோம். ஒரு வாரத்தில் பின்கட்டு நடையில் ஐந்து ரங்கநாதர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

ஆறாவதுதான் என் செட்டியார். கொலுவில் அரிசி பருப்புக் கடை பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர். முழுக்க முழுக்க நானே செய்தது. உட்காருகிற பொம்மை, அடிப்பக்கம் அகலம், எனவே சாயவில்லை. தள்ளிப் பார்த்தோம், சாயவில்லை. தம்பி ஒரு உதை விட்டான், அப்போதும் சாயவில்லை. "அடி சமத்தே! இந்த வருஷத்துப் புதுப் பொம்மை இதுதான்" என்று அம்மா என் கன்னத்தை வழித்துச் சொடக்குப் போட்டாள். ஊதாக் கையால். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

காய்ந்ததும் தொப்பையில் விரிசல் விட்டது. தொப்புளில் ஆரம்பித்து மார்பு வரைக்கும். செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினேன். யுத்த காலத்துத் தாள், பசை பட்டதும் கரைந்தது. தடித்த தாள் வேண்டும். மூட்டை முழுதும் கூழாகிவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ரோஜா நிறத்தில் ஒன்று இருந்தது. உருவினேன், பசை தடவினேன், எழுதிய பக்கம் மேலே இருக்க, தொப்பையைச் சுற்றி இழுத்து ஒட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. எனக்கு மனசில் ஒரு துளிச் சந்தேகம் வரவில்லை. வேறு எந்த வீட்டுக் குழந்தையாவது ரயில் ரசீதைத் தொடுமா? பயந்து ஒதுங்கும். எங்கள் வீட்டில் ரசீது என்பது அடுப்பில் போடுகிற சாமான். பார்சல் கிளார்க் பெண்ணுக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

மேலே சுண்ணாம்பு பூசினேன். மறுநாள் காலையில் தொப்பையின் நடுவில் ஊதாவாக நம்பர் எழும்பி வந்திருந்தது. ஏழு, நாலு, ஒன்று, ஒன்பது. இன்னொரு கை பூசினேன். மத்தியானத்துக்குள் மறுபடி ஏழு, நாலு, ஒன்று, ஒன்பது. முன்னைவிடப் பளிச்சென்று. சரி, கடைக்காரருக்கு நம்பர் இருந்தால் என்ன போச்சு என்று விட்டுவிட்டேன்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம் அப்பா என்றுமில்லாத வேகத்தில் வந்தார். "பெட்டி வந்துடுத்து" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ரசீதைக் கொடு" என்றார். அம்மா கம்பியருகே போனாள். கடிதம் இருந்தது. அதை எடுத்து உதறினாள். ஒவ்வொரு கடிதமாக உருவினாள். கடைசியில் வெறும் கம்பி ஆடியது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இங்கதான் குத்தினேன், சத்தியமா" என்றாள் அம்மா.

"குத்தினா எங்க போகும்?"

"அது எப்படியோ போகட்டும். பெட்டி உங்க ஆபீஸ்ல இருக்கு. சாவி உங்க இடுப்புல இருக்கு. கொடுக்கறவர் நீங்க. வாங்கறவரும் நீங்க. நடுவுல ரசீது எதுக்கு?"

"கொடுக்கறவன் நான். வாங்க வந்தவனைப் பார்த்து ரசீது எங்கேன்னு கேட்பேன்."

"கேட்டா?"

"இல்லைம்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எப்படிக் கொடுக்க முடியும்?"

"உங்களுக்கே நீங்க கொடுக்க மாட்டேளா?"

"எனக்கா இருந்தா என்ன, கவர்னரா இருந்தா என்ன?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. "பதினாலு ஆத்துல குங்குமம் கொடுத்துட்டு வந்திருக்கேன். பத்தாவது வருஷமும் பிறத்தியாராத்துச் சுண்டல்தான்னு என் தலைல எழுதியிருக்கு. ஒரு காகிதத்தைப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்லாதவ நான்" என்று அழுதாள். அம்மா மேல் பழி விழுகிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன ஆகும்? நம்பர் இருக்கிறது. நம்பர் இருந்தால் ஒப்படைக்க வேண்டும். அப்பா கத்தியை எடுத்துத் தொப்பையைக் கிழிப்பார். கிழிக்க வராவிட்டால் செட்டியாரையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் ஃபைலில் வைத்துவிடுவார். எப்படியானாலும் செட்டியார் திரும்பி வரமாட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா தம்பியைப் பிடித்து நிறுத்தினார். "டேய், நீ ரசீதைப் பார்த்தியா?"

"ஹவ்."

"எங்கே?"

"செட்டியார் தின்னுட்டார்."

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போடா அசடு" என்று அப்பா அவனை விட்டுவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. பின்கட்டுக்கு ஓடி, அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியைச் செட்டியாருக்குப் போர்வையாகச் சுற்றி, முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

ரசீது தொலைந்தவர்களுக்கு விதியில் ஒரு வழி உண்டு. தீர விசாரித்துத் தேடினேன், கிடைக்கவில்லை, அது எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது என்று தன் கைப்பட உறுதிப் பத்திரம் எழுதி, ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் ஜாமீன் கையெழுத்து வாங்க வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த கடைக்காரர்கள் எல்லோருமே அவரிடம் பார்சலுக்குக் காத்துக் கிடந்தவர்கள். ஒருவர் வீட்டில் கல்யாணம் என்றார், ஒருவர் கண் தெரியவில்லை என்றார். மறுநாள் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, என்னையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, அப்பா அத்தர்க்கடைக்குப் போனார். என்னை ஏன் அழைத்துப்போனார் என்று இப்போது தெரிகிறது. குழந்தை பக்கத்தில் இருந்தால் சாயபு ரொம்பச் சிரிக்கமாட்டார் என்று நினைத்திருப்பார்.

சாயபு ரொம்பச் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, உள்ளேயிருந்த கணக்கப்பிள்ளையையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். நம் ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வரும், பாதி தக்கனி கலந்து.

"பார்சல் பாபுக்கு ரசீது இல்லை! யா அல்லா! உங்க மூஞ்சி எனக்குத் தெரியும் பாபு சாப். கையெழுத்துப் போடறேன், நக்கோன்னு சொல்லலை. ஆனா ஒரு விஷயம். என்னை வீடு பூரா தேடச் சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"பரண் மேல ஏறி, எலிக் கூட்டுல கை விட்டேன். வயசு எனக்கு அறுபது. இப்ப நீங்க தேடுங்க. சாயங்காலம் நான் வர்றேன். என் எதிர்ல தேடுங்க. கிடைக்கலைன்னா கையெழுத்து."

நியாயம்தான் என்று அப்பா தலையசைத்தார். அவர் சொன்ன விதியை அவருக்கே ஒருவர் சொன்னதில் அவருக்குக் கோபம் வரவில்லை. மரியாதைதான் கூடிற்று. திரும்பி வரும்போது என் கையை அவர் விடவில்லை. என் கை வேர்த்திருக்கிறது என்று சொல்லி வேட்டியில் துடைத்துவிட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

கொலு வைத்தோமா என்று கேட்டு நடுவில் என் கழுத்தை அறுக்காதீர்கள். வைத்தோம். மறுநாள் அமாவாசை சாயங்காலம் பெட்டி வந்தது, மன்னியின் கை மனசில்லாமல் சுற்றிய வைக்கோல் எல்லாம் பிரித்து அம்மா ஒவ்வொரு பொம்மையாக மடியில் வைத்துத் துடைத்தாள், பதினாலு வீட்டு மாமிகளும் வந்தார்கள், எங்கள் வீட்டுச் சுண்டலைத் தின்றார்கள், ஐந்து ரங்கநாதர்களைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது அதுவல்ல. அதற்கு முந்தின நாள் சாயங்காலம்.

நாலு மணிக்குச் சாயபு வந்தார். வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் உறுதிப் பத்திரம், சட்டைப்பையில் பேனா. அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அப்பா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் தேட ஆரம்பித்தார். ஆபீஸ் வேலை மாதிரி, வரிசையாக. கூடத்தில் சுவாமி படங்களைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தார். தலையணை உறைக்குள் கைவிட்டார். அரிசிக் குதிருக்குள் தலையை விட்டார். ஊறுகாய் ஜாடியைத் திறந்தபோது அம்மா, "அதுக்குள்ள நான் எதுக்குன்னா ரசீதைப் போடப்போறேன்?" என்றாள். "எல்லா இடமும்னா எல்லா இடமும்" என்றார் அப்பா. "பரண் பார்த்தாச்சா?" என்று வாசலிலிருந்து குரல் வரும். "பார்த்தாச்சு" என்று இவர் பதில் சொல்லுவார். சாயபு அந்த மோரை அரை மணி நேரம் வைத்துக் குடித்தார்.

அப்பா பின்கட்டு நடைக்கு வந்தார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரங்கநாதர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்து, எடுத்த இடத்திலேயே படுக்க வைத்தார். ஆறாவதற்கு வந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த செட்டியாரைத் திருப்பினார். ரவிக்கைத் துணியை விலக்கினார்.

மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். அவர் உதடு அசைவது தெரிந்தது. ஏழு, நாலு, ஒன்று, ஒன்பது. இரண்டு நாளாகத் தன் மேஜைக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர். விரலால் தொப்பையைத் தடவிப் பார்த்தார். கெட்டியாக ஒட்டியிருந்தது. பிறகு என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

அடிப்பார் என்று பயமில்லை. அவர் எங்களை அடித்ததே இல்லை. அவர் என்னோடு பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் பயம். "தொப்பை விரிஞ்சு போயிடுத்துப்பா" என்றேன்.

அப்பா செட்டியாரைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்தி உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து பொம்மையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார், முன்னால் நான் உருட்டி வைத்திருந்த குட்டிக் குட்டி அரிசிக் கூடைகளைப் பார்த்தார். உள்ளே அம்மா அரிசிக் குதிரை மூடுகிற சத்தம் கேட்டது.

"மிலா க்யா, பாபு சாப்?" என்றார் சாயபு வாசலிலிருந்து. "கிடைச்சுதா?"

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஆபீஸில் பேசுகிற குரலில், வாசல் வரைக்கும் கேட்கும்படி, "இல்லை சாயபு. எல்லா இடமும் பார்த்தாச்சு. இனிமே கிடைக்காது" என்றார்.

பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியமாகச் சொன்னார்: "சுண்ணாம்பு இதுக்கு நிக்காதுடி, அசடு. காப்பிங் பென்சில், துளைச்சுண்டு மேலே வந்துடும். விளக்குக் கரியை விளக்கெண்ணெயிலே குழைச்சுக் கொண்டா, சீக்கிரம். செட்டியாருக்குக் கறுப்பா ஒரு கோட்டுப் போட்டுடுவோம்."